ஃபாக்ஸ்புரோ டேபிளை நெட்வொர்க்கில் லாக் செய்வது எப்படி

விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 என்ற தரவுத்தள நிரல் மொழியில் எழுதிய பில்லிங் புரோகிராம் ஒரு கணினியில் ஒழுங்காக ஓடும். இரண்டாவது கணினியில் திறந்ததும் 1705-ஆம் பிழை (ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை) வந்து நிற்கும். முதல் கணினி டேபிளை எக்ஸ்க்ளூசிவாக, அதாவது வேறு யாரும் திறக்க முடியாதபடி, பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். ஆகவே முதல் வரி ‘செட் எக்ஸ்க்ளூசிவ் ஆஃப்’. பேக் (நீக்கக் குறியிட்ட ரெக்கார்டுகளை அகற்றுவது), ஜாப் (எல்லா ரெக்கார்டையும் அழிப்பது), ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மறுபடி கட்டுவது) போன்றவற்றுக்கு எக்ஸ்க்ளூசிவ் வேண்டும். அவற்றை எல்லோரும் வெளியேறிய பின் ஓட்டுங்கள்.

அடுத்து ‘செட் மல்டிலாக்ஸ் ஆன்’. ஒரே நேரத்தில் பல ரெக்கார்டுகளை லாக் செய்ய (மற்றவர் எழுதாமல் தடுக்க) இது வழிவிடும். இது இல்லாமல் பஃபரிங் (திருத்தத்தைச் சேமிக்கும்வரை தற்காலிகமாக வைத்திருப்பது) வேலை செய்யாது. நடுவில் இதை ஆன், ஆஃப் என்று மாற்றினால், பிடித்திருந்த லாக் அத்தனையும் அந்தக் கணமே விடுபட்டுப் போகும்.

பிறகு ‘செட் ரீபிராசஸ் டு 3 செகண்ட்ஸ்’. லாக் கிடைக்காவிட்டால் 3 நொடி வரை மறுபடி முயலச் சொல்வது இது. ‘செகண்ட்ஸ்’ விட்டுப்போனால் 3 முறை முயற்சி என்றாகிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இது: இந்த மூன்றும் அந்தந்த டேட்டா செஷனுக்கு (திறந்த டேபிள்களும் அவற்றின் அமைப்புகளும் அடங்கிய சூழலுக்கு) மட்டுமே. மெயின் புரோகிராமில் போட்டது, தனக்கென்று தனி செஷன் வைத்திருக்கும் பிரைவேட் செஷன் ஃபார்முக்குப் போய்ச் சேராது. அந்த ஃபார்மின் டேட்டா என்விரான்மென்டில், ‘பிஃபோர் ஓப்பன் டேபிள்ஸ்’ நிகழ்வில் மறுபடி எழுதுங்கள்.

பஃபரிங் முறையைக் குறிக்கும் எண்ணாக 3 போதும். 2 வைத்தால், திருத்தத் தொடங்கியவர் பாதியில் சாப்பிடப் போனாலும் அந்த ரெக்கார்டு லாக்கிலேயே கிடக்கும். 3-இல் ‘டேபிள்அப்டேட்’ (திருத்தத்தை டேபிளில் எழுதும் கட்டளை) நடக்கும்போது மட்டும்தான் லாக். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் ‘டேபிள்அப்டேட்’ தோற்று 1585-ஆம் பிழை வரும்; பயனரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘டேபிள்அப்டேட்’டுக்கு இரண்டாவது மதிப்பாக ‘.டி.’ (உண்மை) கொடுத்து அடக்கினால் மற்றவர் செய்த திருத்தம் அழிந்துபோகும்.

பில் எண்ணுக்குப் பஃபரிங் வேண்டாம். ஒரே ரெக்கார்டு உள்ள தனி டேபிள் வையுங்கள். முதலில் ‘ஆர்லாக்’ (ரெக்கார்டை லாக் செய்வது), அது உண்மை என்று திரும்பினால் எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி ‘ரீப்ளேஸ்’, உடனே ‘அன்லாக்’. படித்துவிட்டு லாக் செய்தால் இருவருமே 1047-ஐப் படித்து, ஒரே எண்ணில் இரண்டு பில் அடிப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இண்டெக்ஸ் கெட்டால் சர்வரைப் பாருங்கள். சாம்பா (லினக்ஸ் போன்ற கணினிகளில் ஓடும் ஃபைல் பகிர்வு மென்பொருள்) என்றால், அதன் அமைப்பில் அந்த ஷேருக்கான ‘வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்’ வரியில் டிபிஎஃப் (டேபிள்), சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ்), எஃப்பிடி (மெமோ) மூன்று வகை ஃபைல்களையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கணினியும் தன் நினைவகத்தில் ஃபைலைத் தேக்கி வைக்க சர்வர் அனுமதித்துவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைல்களுக்குப் பழைய அனுமதியே நீடிக்கும் என்பதால், எல்லாரையும் வெளியேற்றிவிட்டு மாற்றுங்கள்.