‘கன்ட்ரோல்’ மட்டும் போதாது: கட்டுப்படுத்துவதைச் சொல்லும் ஆங்கில வினைகள்

கூட்டத்தைக் கன்ட்ரோல் பண்ணு, கோபத்தைக் கன்ட்ரோல் பண்ணு, சுகரைக் கன்ட்ரோல் பண்ணு, செலவைக் கன்ட்ரோல் பண்ணு. பேசும்போது இந்த ஒரு சொல்லே எல்லா இடத்துக்கும் போதும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. அகராதியில் மேனேஜ், ஹேண்டில், ரெஸ்ட்ரெயின், ரெகுலேட், கர்ப், செக், கவர்ன் என்று ஒரு வரிசை நிற்கும். பலவற்றுக்கும் எதிரே ‘கட்டுப்படுத்து’ என்றே போட்டிருக்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் சொல்ல வருவதற்குத் தமிழில் சரியான வினை எது என்று முதலில் பாருங்கள். அடக்குவதா, சமாளிப்பதா, மட்டுப்படுத்துவதா? அது தெரிந்துவிட்டால் ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எளிது.

படி 1: மூலச் சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

‘கன்ட்ரோல்’ என்பதன் வேர் இடைக்கால லத்தீன். ‘கான்ட்ரா’ என்றால் எதிர். ‘ரோட்டுலஸ்’ என்றால் சுருள். கணக்குச் சுருளுக்கு எதிராக இன்னொரு படி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் முதல் பொருள். சரிபார்ப்பவன் கையில் அதிகாரம் இருக்கும் அல்லவா, அப்படித்தான் ‘கட்டுப்படுத்து’ என்ற பொருள் வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் ‘பாஸ்போர்ட் கன்ட்ரோல்’ என்று எழுதியிருப்பது அந்தப் பழைய பொருளில்தான்: அங்கே நடப்பது சரிபார்ப்பு. நம் அரசியல் சட்டத்தின் 148-வது பிரிவு சொல்லும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆங்கிலப் பதவிப் பெயரிலும் (Comptroller and Auditor General) இதே சொல் இருக்கிறது. ‘கணக்கு’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு குழம்பியதால், அதன் எழுத்துக்கூட்டலில் ‘எம்’, ‘பி’ என்ற எழுத்துகள் புகுந்துவிட்டன. உச்சரிப்பு பலரிடம் இன்றும் ‘கன்ட்ரோலர்’தான்.

உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ட்ரோல்’ மேல் விழவேண்டும். அதனால்தான் இறந்தகாலத்தில் ‘எல்’ இரட்டிக்கிறது. ‘கன்ட்ரோல்ட்’, ‘கன்ட்ரோலிங்’ இரண்டிலும் இரண்டு ‘எல்’. ‘டிராவல்’ போன்ற சொற்களில் பிரிட்டன் இரண்டு ‘எல்’ போடும், அமெரிக்கா ஒன்றோடு நிறுத்தும். இங்கே அந்த வேறுபாடு கிடையாது.

படி 2: யாரை, எதை?

அதிகம் நடக்கும் பிழை இதுதான். “என்னால கன்ட்ரோல் பண்ண முடியல” என்று தமிழில் எதை என்று சொல்லாமலே விடலாம். அதே பழக்கத்தில் ‘ஐ கான்ட் கன்ட்ரோல்’ என்று நிறுத்தினால் ஆங்கில வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘ஐ கான்ட் கன்ட்ரோல் மைசெல்ஃப்’, ‘ஐ கான்ட் கன்ட்ரோல் இட்’ என்று செயப்படுபொருள் வந்தே ஆகவேண்டும்.

அடுத்தது ‘ஓவர்’. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கன்ட்ரோல் ஓவர் த க்ரவுட்’ சரி. வினையாக வரும்போது ‘ஓவர்’ கூடாது: ‘த போலீஸ் கன்ட்ரோல்ட் த க்ரவுட்’. இன்னொரு சிறிய இடறல்: ‘இன் கன்ட்ரோல்’ என்றால் பிடி உங்கள் கையில், ‘அண்டர் கன்ட்ரோல்’ என்றால் அந்தப் பொருள் ஒரு பிடிக்குள் இருக்கிறது. ஓட்டுநர் ‘இன் கன்ட்ரோல்’, தீ ‘அண்டர் கன்ட்ரோல்’.

படி 3: தமிழ் வினையிலிருந்து ஆங்கில வினைக்கு

அடக்கு: கோபம், அழுகை என்றால் ‘கன்ட்ரோல்’ பொருந்தும். சண்டைக்குப் பாய்பவரை இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்றால் அது ‘ரெஸ்ட்ரெயின்’. ஒலியில் நெருங்கிய ‘ரெஸ்ட்ரிக்ட்’ வேறு, அது எல்லை வகுப்பது. ஒருவருக்கு இரண்டு டிக்கெட்தான் என்பது ‘ரெஸ்ட்ரிக்ட்’.

சமாளி, கையாள்: இங்கே ‘மேனேஜ்’, ‘ஹேண்டில்’. இரண்டுக்குள்ளும் ‘கை’ இருக்கிறது, நம் ‘கையாள்’ போலவே. ‘மேனேஜ்’ இத்தாலியில் குதிரையைப் பழக்கும் சொல்லாக இருந்தது. அதன் அடியில் கையைக் குறிக்கும் லத்தீன் சொல். ஆகவே முழுதாக அடக்க முடியாத ஒன்றோடு நாள்தோறும் இழுத்துப் பிடித்து வாழ்வதற்கு இதுவே ஏற்ற சொல். மருத்துவ ஆங்கிலத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ரத்தச் சர்க்கரை ஓர் அளவு. அதைக் குறிப்பிட்ட வரம்புக்குள் நிறுத்தலாம், எனவே ‘கன்ட்ரோல்’. நீரிழிவு கூடவே இருக்கும் நோய், எனவே ‘மேனேஜ் டயபடிஸ்’. பின்னால் ‘டு’ சேர்ந்தால் பொருள் மாறும்: ‘ஐ மேனேஜ்ட் டு கேட்ச் த பஸ்’ என்றால் எப்படியோ பேருந்தைப் பிடித்துவிட்டேன் என்று பொருள்.

ஒழுங்குபடுத்து: ‘ரெகுலேட்’. மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைவில் வையுங்கள். அது விசிறியின் வேகத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் முறைப்படுத்துகிறது. விதி வகுத்து நடத்துவதற்கும் இதே சொல்தான்.

மட்டுப்படுத்து: ‘கர்ப்’, ‘செக்’. குதிரையின் தாடைக்குக் கீழே ஓடும் சங்கிலியின் பெயர் ‘கர்ப்’. கடிவாளத்தை இழுத்தால் அது தாடையை அழுத்தும், வேகம் குறையும். கூடிக்கொண்டே போகும் ஒன்றை இழுத்துப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சிறிய சொல் என்பதால் நாளிதழ்த் தலைப்புகளில் அடிக்கடி வரும். ரிசர்வ் வங்கி ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கிகளை அது ‘ரெகுலேட்’ செய்கிறது, பணவீக்கத்தை வட்டியை உயர்த்தி ‘கர்ப்’ செய்கிறது. நிறுவனம் ஒன்று, வினை இரண்டு.

ஆள்: நாட்டை என்றால் ‘கவர்ன்’. கப்பலைச் செலுத்துவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. மற்றவர் தலையெடுக்க முடியாதபடி ஆதிக்கம் செலுத்தினால் ‘டாமினேட்’.

படி 4: மனிதர்கள் மேல் கவனம்

தனி மனிதரைச் செயப்படுபொருளாக வைத்தால் ‘கன்ட்ரோல்’ கடுமையாக ஒலிக்கும். ‘கன்ட்ரோலிங்’ ஆள் என்றால் அடுத்தவரை ஆட்டிப்படைப்பவர். வேலை விண்ணப்பத்தில் ‘ஐ கன்ட்ரோல்ட் ட்வெல்வ் ஒர்க்கர்ஸ்’ என்று எழுதிவிட்டால், பன்னிரண்டு பேரை மிரட்டி வைத்திருந்ததாகப் படும். பொறுப்பேற்று நடத்தியிருந்தால் ‘மேனேஜ்ட்’, மேற்பார்வை மட்டும் என்றால் ‘சூப்பர்வைஸ்ட்’ என்று எழுதுங்கள். இந்த ஒரு திருத்தத்தை இன்றே உங்கள் விண்ணப்பத்தில் செய்துவிடுவது நல்லது.

படி 5: எழுதிப் பழகுங்கள்

கீழே உள்ளவற்றை விடை பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

1. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.
2. கடையை அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார்.
3. வீண் செலவைக் குறைக்க வேண்டும்.
4. வால்வு தண்ணீர் வரத்தைச் சீராக வைக்கிறது.
5. கோபக்கார வாடிக்கையாளரை நன்றாகச் சமாளித்தாள்.

விடை: கன்ட்ரோல்ட், மேனேஜஸ், கர்ப், ரெகுலேட்ஸ், ஹேண்டில்ட். ஐந்தாவதில் ‘கன்ட்ரோல்ட்’ போட்டிருந்தால் நான்காம் படியை இன்னொரு முறை படியுங்கள். முதலாவதில் ‘ரெஸ்ட்ரெயின்ட்’ போட்டிருந்தாலும் பிழையில்லை. சிரிப்புக்கு அதுவும் செல்லும்.