உங்கள் கூட்டத்துக்குப் பட்டப்பெயர் வைப்பது எப்படி?

ஞாயிறு விடியற்காலையில் சேலம் அஸ்தம்பட்டியில் கூடி, அடிவாரம் வழியாக ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிற 17 பேர் நாங்கள். முதலில் அந்தச் சேர்வராயன் மலையை வைத்து 'சேர்வராயன் சிங்கங்கள்' என்று பேர் வைத்து டீ-ஷர்ட்டும் அடித்துவிட்டோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, எட்டாவதிலேயே நாக்குத் தள்ளி நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, பஸ் ஜன்னலில் இருந்து ஒரு பெரியவர் "வாங்க சிங்கம், மெதுவா வாங்க" என்றார். அன்றோடு அந்தப் பேர் செத்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, உட்கார்ந்து யோசிக்காதீர்கள். ஒரு மாதம் உங்கள் ஆட்கள் பேசும்போது எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்து வையுங்கள். எங்கள் பட்டியலில் கொண்டை ஊசி, இருபது, மலையேறி, காபிக்கொட்டை, தட்டுவடை இருந்தன.

அடுத்து, ஒவ்வொன்றையும் ஒருமை, பன்மை, விளி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதி இங்கேயே உதிர்ந்துவிடும். 'இருபது' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒற்றை ஆளை எப்படி 'இருபது' என்று கூப்பிடுவது? 'மலையேறி' இலக்கணப்படி எல்லாவற்றுக்கும் பொருந்தியது, ஆனால் யாராவது ஒரு வாரம் வராவிட்டால் "சாமி மலையேறிடுச்சா?" என்று கிண்டல் ஆரம்பித்துவிடும். 'காரர்' என்று முடிகிற பேர் வேண்டவே வேண்டாம், பெண்களுக்கு அது 'காரி' ஆகும்போது மரியாதை போய்விடுகிறது. 'கொண்டை ஊசிகள்' பெண்களுக்குப் பிடித்தது, ஆண்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

அப்புறம், வெளியாள் காதில் எப்படி விழும் என்று பாருங்கள். படை, பேரவை, பாசறை என்று முடித்தால் எந்தக் கட்சி, எந்தச் சாதி என்றுதான் நம் ஊரில் முதல் கேள்வி வரும்.

வெளியாள் வைக்கிற பேரையும் தள்ளிவிடாதீர்கள். 1994-95இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்து கிரிக்கெட் ரசிகர்கள், அணி தோற்கத் தோற்கப் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊர்ப் பத்திரிகைகள் 'பார்மி ஆர்மி', அதாவது கிறுக்குப் படை, என்று கேலி செய்தன. அவர்கள் கோபப்படாமல் அதையே டீ-ஷர்ட்டில் அடித்துக்கொண்டார்கள்.

எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. இறங்கி வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, சாயங்காலம் மறுபடி கூடுவது தட்டுவடைக் கடையில். கடை அக்கா ஒரு நாள், துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் அமுக்கி 'செட்' போட்டுக்கொண்டே, "என்ன கண்ணு, உங்க செட்டு முழுசா வந்தாச்சா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தட்டுவடை செட்!

கிடைத்ததும் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள், அறிவிக்கவும் வேண்டாம். சும்மா இரண்டு வாரம் புழங்க விடுங்கள். அன்று கடைக்கு வராதவர் வாயில் தானாக வந்தால் பேர் ஒட்டிவிட்டது. எங்களில் அப்படி ஒருவர், மேலே ஏரிக்கரையில் தனியாக முதலில் போய்ச் சேர்ந்து போனில் சொன்னார்: "தட்டு வந்தாச்சு, செட்டு எங்கே?"

சிங்கம் போட்ட டீ-ஷர்ட்டுகளில் இப்போது செயின் துடைக்கிறோம்.