மாலத்தீவில் பெரியவர்கள் மட்டும் தங்கும் தீவு ரிசார்ட்: முன்பதிவு முதல் திரும்பும் நாள் வரை

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. 1972-இல் குரும்பா என்னும் முதல் ரிசார்ட் தொடங்கப்பட்டதிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறையிலேயே அங்கே சுற்றுலா பெரும்பாலும் வளர்ந்து வந்திருக்கிறது. தீவு முழுவதும் ஒரே ரிசார்ட் என்றால் அமைதி தானாகக் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். நானும் என் மனைவியும் அங்கே தங்கிப் பார்த்ததில், அமைதியைத் தீர்மானிப்பவை முன்பதிவின்போது கேட்கும் நான்கைந்து கேள்விகளே என்று தெரிந்தது. அவற்றை வரிசையாக எழுதுகிறேன். விசா பற்றி விரிக்கவில்லை. பெரும்பாலான நாட்டவருக்கு அது தலைநகர் மாலேயில் இறங்கியதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

படி 1: வயது விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்பதற்கு எல்லா ரிசார்ட்டுகளுக்கும் பொதுவான வரையறை கிடையாது. லவியானி பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹுராவல்ஹி 15 வயது நிரம்பியவர்களை ஏற்றுக்கொள்கிறது. மாலேக்கு அருகில் உள்ள லோபிகிலியில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சில தீவுகளில் வயது விதி ஒரு பகுதி வில்லாக்களுக்கு மட்டுமே பொருந்தும். உணவகமும் கடற்கரையும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்.

குழந்தைகள் இல்லாத தீவு ஓசையில்லாத தீவாகத்தான் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. குழந்தைகள் இல்லை என்பதாலேயே நீச்சல்குளத்தருகே இரவு வெகுநேரம் இசை ஒலிக்கவிடும் ரிசார்ட்டுகள் உண்டு. முன்பதிவுத் தளங்களின் அரட்டைப் பெட்டியில் இதற்கு நேரான பதில் கிடைப்பதில்லை. ரிசார்ட்டின் முன்பதிவுப் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவதையே நான் விரும்புகிறேன். கேட்க வேண்டியவை மூன்று: இசை நிகழ்ச்சி வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை? இசை ஒலிக்காத நீச்சல்குளம் ஒன்றாவது இருக்கிறதா? நாங்கள் தங்கும் தேதிகளில் கட்டுமானப் பணி ஏதேனும் நடக்கிறதா? பதில் எழுத்தில் இருந்தால் போய் இறங்கியபின் பேசுவதற்கு அது பிடிமானமாகும்.

படி 2: அறையைத் தேர்வதற்கு முன்பே போக்குவரத்தை முடிவு செய்யுங்கள்

எங்களை ஒரு முறை நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். நாங்கள் ஏறிய விமானம் தாமதமாக மாலேயில் இறங்கியபோது அன்றைய கடைசிக் கடல்விமானம் கிளம்பிப் போயிருந்தது. பணம் கட்டிய முதல் இரவை விமான நிலையத்துக்கு அருகே ஹுல்ஹுமாலேயில் கழிக்க வேண்டியதாயிற்று. ஆகவே இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

மாலேயின் வேலனா விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குச் செல்ல மூன்று வழிகள் உள்ளன: ஸ்பீட்போட், கடல்விமானம், உள்நாட்டு விமானத்தில் சென்று அங்கிருந்து படகு. இவற்றில் கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். நீரில் இறங்கும் விமானிகள் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டியிருப்பதால் இந்த விதியில் விலக்கு கிடையாது. பிற்பகல் மூன்று, மூன்றரை மணிக்குள் இறங்கினால் அன்றே இடம் கிடைக்கலாம் என்று ரிசார்ட்டுகள் சொல்லும். நான் ஒரு மணிக்குள் இறங்கும் விமானத்தைத்தான் பரிந்துரைப்பேன். குடியேற்றச் சோதனை, பெட்டி, ரிசார்ட் முகவரின் மேசை, கடல்விமான முனையத்துக்குப் பேருந்து என்று ஒவ்வொன்றும் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

கடல்விமானத்துக்கு நாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும்படியான நேர அட்டவணை பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு நாளும் எந்தெந்த ரிசார்ட்டுக்கு எத்தனை பேர் என்று பார்த்து, முந்தைய மாலையில்தான் வழித்தடத்தை அமைக்கிறார்கள். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று தீவுகளில் ஆட்களை இறக்கி ஏற்றுவதும் வழக்கம். நாற்பது நிமிடப் பயணம் என்று இணையதளத்தில் இருந்தால் அது நேர்வழிக்கான கணக்கு; முனையத்தில் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. பதினைந்து பேர் வரை அமரும் ட்வின் ஆட்டர் விமானத்தில் இயந்திர ஓசை மிகுதி. காதடைப்பான் தருவார்கள், இருந்தாலும் சொந்தமாக ஒரு சோடி வைத்துக்கொள்வது நல்லது. பவளத் திட்டுகள் தெளிவாகத் தெரிய ஜன்னலோர இருக்கை வேண்டும். இருக்கை எண் கிடையாது என்பதால் ஏறும் வரிசையில் முன்னே நில்லுங்கள்.

என் முடிவு இது: மூன்று இரவுகள் என்றால் ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையும் தீவு. லோபிகிலிக்குப் பதினைந்து நிமிடம்தான். நள்ளிரவில் இறங்கினாலும் படகு கிடைக்குமா என்று ரிசார்ட்டிடம் கேட்டுக்கொண்டால் போதும். ஐந்து இரவுக்கு மேல் என்றால் கடல்விமானத் தீவு. தொலைவு கூடக் கூட கடலில் படகுப் போக்குவரத்து குறைவதை அங்கே கண்ணாலேயே காணலாம். நான்கு இரவுக்காரர்கள் விமான நேரத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். உள்நாட்டு விமானம் இருட்டிய பின்னும் பறக்கும் என்பதால் மாலையில் இறங்குபவர்களுக்கு அது கைகொடுக்கும்.

திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குதான். காலை ஒன்பது மணிக்கு முன்பு மாலேயிலிருந்து கிளம்பும் விமானத்தை எடுத்தால், கடல்விமானத் தீவிலிருந்து முந்தைய நாளே வெளியேற வேண்டியிருக்கும்.

படி 3: தீவின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

சூரியன் மறையும் பக்கத்து வில்லாவுக்குக் கூடுதல் விலை வைப்பார்கள். ஆனால் மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, மேற்கு நோக்கிய நீர்மேல் வில்லாக்களில் இரவெல்லாம் அலை அடித்தூண்களில் மோதிக்கொண்டிருக்கும். சிலருக்கு அது தாலாட்டு. தூக்கம் இலேசானவர்களுக்கு அது தொல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றுக் காலத்தில் வானம் தெளிவாக இருக்கும். அப்போது சலசலப்பு கிழக்குப் பக்கத்துக்கு மாறும். பவளத்தீவுக் கூட்டத்தின் வெளி விளிம்பில் இல்லாமல் உட்புறமாக அமைந்த தீவுகளில் இந்த வேறுபாடு குறைவு.

இதைப் பார்ப்பதற்கு நான் பயன்படுத்துவது கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படம். ரிசார்ட் வெளியிடும் வண்ண வரைபடத்தைவிட அது நம்பகமானது. படகுத்துறை, கடல்விமான மேடை, தீவின் நடுவே தகரக் கூரைகள் நெருங்கியிருக்கும் ஊழியர் குடியிருப்பு, அதையொட்டிய ஜெனரேட்டர் கொட்டகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தீவும் தனக்கான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்வதால், இந்தக் கொட்டகைக்கு நேர் எதிரே அமைந்த கடற்கரை வில்லாவில் மெல்லிய இரைச்சல் ஓயாது. கடல்விமான மேடைக்கு மறுபக்கம், நீர்மேல் வில்லாக்களுக்குச் செல்லும் நடைபாலத்தின் முடிவிலிருந்து மூன்று நான்கு வில்லா உள்ளே என்பது என் தேர்வு. கடைசி வில்லாவில் காற்று கூடுதல், முதல் வில்லாவில் நடமாட்டம் கூடுதல்.

அதே படத்தில் தீவைச் சுற்றிய நீரின் நிறத்தையும் பாருங்கள். கரையிலிருந்து வெளிர்நீலம் வெகுதூரம் விரிந்திருந்தால் அது மணல் களப்பு. நீந்த இனிது, மீன் குறைவு. கரைக்கு அருகிலேயே கருநீல விளிம்பு வந்தால் பவளத்திட்டு பக்கத்தில் இருக்கிறது. படகு ஏறாமலேயே, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்ப்பரப்பில் மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்கெல்லிங் செய்யலாம். நாள் முழுவதும் யாருடனும் பேசாமல் இருக்க விரும்புபவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது.

படி 4: விலைப் பட்டியலில் இல்லாத தொகை

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் சுற்றுலா சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும் என்று பொருள். இந்த வரி 2025 ஜூலை 1 முதல் 17 விழுக்காடு. ஓர் இரவுக்கு 600 டாலர் என்றால் சேவைக் கட்டணத்தோடு 660, வரியோடு 772.20. அதன்மேல் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி, இருவருக்கு 24. ஆக 796.20 டாலர். கடல்விமானக் கட்டணம் இதில் சேராது. போய்வர ஆளுக்குப் பெரும்பாலும் 400 முதல் 600 டாலர் வரை ஆகும்.

உணவுத் திட்டத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வெளியே கடை கிடையாது. பக்கத்துத் தீவுக்கு நடந்து போகவும் முடியாது. குறைந்தது மூன்று வேளை உணவும் குடிநீரும் அடங்கிய திட்டத்தை எடுங்கள்.

படி 5: இமுகா படிவமும் பெயரும்

மாலத்தீவுக் குடியேற்றத் துறையின் இமுகா என்னும் பயணியர் அறிவிப்பை, விமானம் கிளம்பும் முன் 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். வரும்போதும் திரும்பும்போதும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று, உடனே வெளியேறிவிடுங்கள். ரிசார்ட்டின் உறுதிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்பினால் பத்து நிமிட வேலை.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த வாசகி ஒருவர், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டுமே இருப்பதைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். தமிழர் பலருக்கும் உள்ள நிலைதான் இது. முதலெழுத்தை நாமாக விரித்தோ சுருக்கியோ எழுதாமல், விமானச் சீட்டு, இமுகா, ரிசார்ட் முன்பதிவு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே கொடுங்கள். கடல்விமானப் பயணியர் பட்டியல் ரிசார்ட் அனுப்பும் பெயரைக் கொண்டே தயாராகிறது. ஆகவே ரிசார்ட்டின் உறுதிச்சீட்டிலும் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது.

படி 6: பெட்டி

கடல்விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பதே வழக்கமான வரம்பு; மிகுந்தால் கிலோ கணக்கில் பணம். மது, பன்றியிறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. வரியில்லாக் கடையில் வாங்கிய மதுப்புட்டியைச் சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்; ரிசார்ட்டில் மது தனி உரிமத்தின்கீழ் கிடைக்கும். 2024 நவம்பர் முதல் மின்சிகரெட்டுக்கும் தடை. பயணத்தில் சிறு விக்கிரகம் வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ள பெரியவர்கள் உடன் வந்தால் முன்பே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

ஸ்நார்கெல் கண்ணாடியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். இரவல் கண்ணாடி முகத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர் புகுந்து பொறுமையைச் சோதிக்கும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் தானாக ஒட்டி நிற்க வேண்டும். கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். முழுக்கை நீச்சல் மேலாடை ஒன்றும் வேண்டும். முதுகுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருப்பதைவிட அதுவே மேல், பவளத்துக்கும் கேடில்லை.

படி 7: தீவில் இறங்கிய பின்

முதலில் கடிகாரம். மாலே நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு அரை மணி பின்தங்கியது. ஆனால் பல ரிசார்ட்டுகள் மாலையில் வெளிச்சம் நீடிப்பதற்காகத் தங்கள் தீவில் மட்டும் ஒரு மணி கூட்டி வைத்திருக்கின்றன. கைப்பேசி மாலே நேரத்தைக் காட்டும். உணவகமும் படகும் தீவு நேரத்தைப் பின்பற்றும். வரவேற்பறையில் எந்த நேரத்தைச் சொன்னாலும் அது தீவு நேரமா மாலே நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் வந்த அன்றே தலைமைச் சமையற்காரரைச் சந்திக்க வேண்டும். காய்கறிக் கறி என்று பெயர்ப்பலகை இருந்தாலும் மாலத்தீவுச் சமையலில் மாசி இடிபட்டுக் கலந்திருக்கக்கூடும். நம் ஊர்க் கடைகளில் மாசிக்கருவாடு என்று விற்பது அதுவே. சமையலறைகளில் இந்தியரும் இலங்கையரும் பரவலாகப் பணிபுரிவதால், கேட்டால் பருப்பும் ரசமும் வைத்துத் தரும் அன்பான கைகள் கிடைக்க வாய்ப்புண்டு. அசைவம் உண்பவர்கள் காலையில் மஸ் ஹுனியை ரொட்டியோடு கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். சூரையும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்த அது, நம் நாக்குக்கு உடனே பழகிவிடும்.

கடலில் இறங்கும் முன் நீர்விளையாட்டு மையத்தில் அன்றைய நீரோட்டத்தைக் கேளுங்கள். ஓட்டத்துக்கு எதிராக நீந்தத் தொடங்கி, அதனோடு திரும்பி வருவதே பாதுகாப்பு. பவளத்தின்மேல் நிற்காதீர்கள், ஒரு கிளை முறிந்தால் வளர ஆண்டுகள் ஆகும். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்த திட்டுகள் மெல்லத்தான் மீண்டு வருகின்றன. நம் துடுப்புக் காலணியின் ஒரு மிதியும் அங்கே பொருட்டுதான்.

படி 8: வெளியேறும் நாள்

முந்தைய மாலை கடல்விமான நேரச் சீட்டு அறைக்கு வரும். வராவிட்டால் எட்டு மணிக்கு வரவேற்பறையில் கேளுங்கள். கணக்கையும் அன்றிரவே பார்த்துவிடுங்கள்; காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள். திரும்பும் பயணத்துக்கான இமுகா படிவத்தையும் அறையின் வைஃபை இருக்கும்போதே நிரப்பிவிடலாம். கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளையும் மணலையும் பெட்டியில் வைக்காதீர்கள். நாட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு.

*பின்சேர்க்கை:* ஆழ்கடல் மூழ்கலும் செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம். கடைசி மூழ்கலுக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே 24 மணி நேரம் விடுங்கள்; கடல்விமானமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், மூழ்குவதற்கான நாள்களைத் தங்கலின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி நாளைக் கரைக்கு விட்டுவிடுங்கள்.