கான்ஃபெடரேட் சிப்பாய்: கோப்பு பாதியில் நின்றால்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்காகப் போரிட்டவர்தான் கான்ஃபெடரேட் சிப்பாய். அப்படி ஒருவரைத் தேடினேன்; அவருடைய ராணுவச் சேவைக் கோப்பின் கடைசி அட்டை 1863 பிப்ரவரியோடு நின்றது. அதனால் ஆள் செத்தார், ஓடிப்போனார் என்று முடிவுகட்டக் கூடாது. வருகைப் பட்டியல் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒன்று, பல தொலைந்துவிட்டன. அட்டைகளே 1903-க்குப் பிறகு அமெரிக்கப் போர்த்துறை, மிஞ்சிய தாள்களிலிருந்து பெயர்த்தெழுதியவை.

எனக்குக் கைகொடுத்தது எதிரணியான வடக்கு ராணுவத்தின் எழுத்து. மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரம் 1863 ஜூலை 4 அன்று சரணடைந்தபோது ஆளுக்கொரு பரோல் சீட்டு (மறுபடி ஆயுதம் எடுப்பதில்லை என்ற உறுதிமொழி) எழுதினார்கள்: பெயர், படைப்பிரிவுகளான கம்பெனி, ரெஜிமென்ட், கீழே கையெழுத்து அல்லது வெறும் பெருக்கல் குறி. சிறைமுகாம் பதிவுகளுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிம் எம்598. கோப்பில் சேராத உதிரித் தாள்கள் எம்347-இல். இதைத்தான் பலரும் தாண்டிப்போகிறார்கள்.

பெயரை முதலெழுத்துகளை வைத்தும் தேடுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'ரீட்' என்பதற்கே மூன்று எழுத்துக்கூட்டல்.

ஓய்வூதியம் தந்தவை மாநிலங்கள். போரிட்ட மாநிலத்தில் அல்ல, முதுமையில் குடியிருந்த மாநிலத்தில் மனுவைத் தேட வேண்டும். டெக்சாஸில் 1899 முதல் உண்டு. அதில் சாட்சிகள் சொல்லும் ரெஜிமென்டை நம்பலாம், தேதிகளை நம்ப வேண்டாம். நாற்பது வருட ஞாபகம் அப்படித்தான். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 30-ஆவது பத்தியில் 'சிஏ' (CA) என்றிருந்தால் கான்ஃபெடரேட் தரைப்படை.