வீட்டு ஆள் ஏறிய டேங்கரைப் பின்தொடர்வது எப்படி

வீட்டில் யாராவது சின்ன டேங்கர் கப்பலில் வேலைக்கு ஏறினால், கிளம்பும் முன்பே கப்பலின் ஐஎம்ஓ எண்ணை (சர்வதேச கடல்சார் அமைப்பின் அடையாள எண்) கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடும். கப்பல் கைமாறினால் பெயர் மாறலாம், கொடி, அதாவது பதிவு செய்த நாடு மாறினால் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும் மாறும். ஏழு இலக்க ஐஎம்ஓ எண்தான் கப்பலை உடைக்கும் வரை கூடவே இருக்கும். என் தம்பி பம்ப்மேனாக இருக்கும் கப்பலை நான் திருவொற்றியூரில் இருந்துகொண்டு அதை வைத்துத்தான் தேடுகிறேன்.

போனில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே கேட்டு எழுதிய எண்ணா? சோதித்துவிடுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729 என்றால் 63+0+35+16+21+4, மொத்தம் 139. அது 9-இல் முடிகிறது, கப்பல் எண்ணும் 9-இல் முடிகிறது. சரி.

அப்புறம் கப்பல் இருக்குமிடம் காட்டும் மரைன் டிராஃபிக், வெசல்ஃபைண்டர் இணையதளங்களில் ஒன்றில் எண்ணைப் போடுங்கள். வரைபடத்துக்கு முன்னால் கடைசி சிக்னல் வந்த நேரத்தைப் பாருங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கப்பல் இருக்குமிடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி விஎச்எஃப் அலையில்தான் பேசும், கரையை விட்டு வெகுதூரம் போனால் கரை நிலையங்களுக்கு எட்டாது. சாட்டிலைட் தகவலுக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். எண்ணூரில் கிளம்பிய கப்பல் நடுக்கடலில் மறைந்தால் அம்மாவை இதைச் சொல்லித் தேற்றுங்கள்.

வேகமும் இடமும் ஜிபிஎஸ்ஸிலிருந்து தானாக வருபவை, நம்பலாம். போகுமிடம், நங்கூரமிட்ட நிலை, டிராஃப்ட் (கப்பல் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) மூன்றையும் கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிகிறார்கள். நங்கூரத்தில் நிற்பதாகக் காட்டிக்கொண்டே பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) வேகத்தில் போனால், மாற்ற மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

விவரப் பட்டியலில் டெட்வெயிட் என்பது சரக்கு, எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கும் எடை. ஜிடி (கிராஸ் டன்னேஜ்) கொள்ளளவைச் சொல்வது, எடை அல்ல. இப்போதைய டிராஃப்ட் அதிகபட்ச டிராஃப்டை நெருங்கியிருந்தால் கப்பல் நிறைந்திருக்கிறது. கரையிலிருந்து பார்க்கும்போது அடிப்பகுதியின் சிவப்புப் பெயின்ட் நிறையத் தெரிந்தால் சரக்கு இறங்கிவிட்டது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். இப்படியும் நடக்கும் என்பதால் கப்பலின் சரித்திரம் தெரிந்திருப்பது அவசியம். ஈக்வாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிந்தால் உரிமையாளர் யார், நிர்வாகம் யார், துறைமுகச் சோதனையில் கப்பலைத் தடுத்து வைத்தார்களா என்பதெல்லாம் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.