386 கணினியின் பவர் சப்ளையும் கால் மாறிய சி945-உம்

என் பழைய 386 கணினியின் ஏடி வகை (ஏடிஎக்ஸுக்கு முந்தைய பழைய வகை) பவர் சப்ளை ஒருவழியாக ஓடுகிறது. ஃபியூஸ் கருகியிருந்தது, மின்சாரத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் 13007 டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஷார்ட். தர்மபுரி கடைகளில் சிஎஃப்எல் விளக்குப் பழுதுக்கான 13003தான் கிடைத்தது. அதன் தாங்குதிறன் 1.5 ஆம்பியர், 13007-க்கு 8. கடைசியில் காயலான் கடையில் எடைக்குக் கிடந்த ஏடிஎக்ஸ் சப்ளையிலிருந்து ஒரு ஜோடியைக் கழற்றி, மின்கடத்தாத மைக்கா தகடு வைத்துத் திருகினேன்.

எங்காவது ஷார்ட் இருந்தாலும் மின்னோட்டம் எல்லை மீறாதிருக்க, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தேன். மின்விசிறி ஒரு துடி துடித்து நின்றது. பெரிய மின்தேக்கிகள், கட்டுப்பாட்டுச் சில்லான டிஎல்494 ஐசி எல்லாம் மாற்றியும் பயனில்லை. 13007-களை இயக்கும் டிரைவர் சி945 என்ற சிறு டிரான்சிஸ்டர் ஜோடியில் ஒன்றில் மின்னோட்டம் கசிந்தது. இரண்டையும் புதிதாகப் போட்டேன். இப்போது அந்தத் துடிப்பும் இல்லை!

புதியதைக் கழற்றி மல்டிமீட்டரின் டயோடு நிலையில் அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழையதில் தட்டையான முகம் நம்மைப் பார்த்தால் அதன் மூன்று கால்கள் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். புதியதில் பேஸ் நடுவில்! மேலே அச்சிட்ட எண் என்னவோ அதேதான். கால்களைப் பின்னிப் போடலாம். எனக்கு அது பிடிக்காது. பழைய ரேடியோ பலகையில் இருந்த சி1815 இரண்டை எடுத்தேன். பழைய சி945-இன் அதே கால் வரிசை, அதே 50 வோல்ட் தாங்குதிறன். அளந்து பார்த்தே பற்றவைத்தேன்.

சுமை இல்லாமல் இந்தச் சப்ளைகளைச் சோதிக்கக் கூடாது. 5 வோல்ட்டில் ஒரு பவர் ரெசிஸ்டரும் 12 வோல்ட்டில் கார் பல்பும் மாட்டினேன். மின்விசிறி நிற்கவில்லை.