சைக்கிளுக்குச் சாமான் பொறுக்கும்போது

மட்டக்களப்பில் கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடற்கரையோரம் ஓடுற சைக்கிளை உடைக்கிறது பாரம் இல்லை, உப்புக்காற்று. சாமான் சாமானாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் முதலில் சில்லைப் பாருங்கள். நிக்கல் பூசின இரும்பு றிம் (சில்லின் வளையம்), கம்பி பூட்டுகிற ஓட்டையடியில்தான் துருப்பிடிக்கத் தொடங்கும். அலுமினிய றிம் துருப்பிடிக்காது, மாரி மழையிலும் பிறேக் நன்றாகப் பிடிக்கும்.

கம்பி வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். இறுக்கி ஒட்டினால் சாதாரண இரும்புக் கம்பி. ஸ்ரெயின்லெஸ் என்றால் ஒட்டாது, அல்லது லேசாக இழுக்கும். கம்பி முனையில் பூட்டுகிற நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும், அலுமினியம் உப்பில் அரித்து உடைந்துவிடும்.

சில்லின் நடுவில் இருக்கிற ஹப்புக்கு, பழைய கப்-கோன் வகையே எனக்கு நம்பிக்கை: கிண்ணத்துக்கும் கூம்புக்கும் இடையில் உருளுகிற இரும்புக் குண்டுகளைக் கழற்றி மாற்றலாம். சந்திக் கடையிலேயே கழற்றிக் கழுவி, கிறீஸ் போட்டுத் தருவார்கள்.

இரும்பு பிறேமுக்குள் அலுமினிய சீற் குழாயை வெறுமனே இறக்காதீர்கள். இரண்டும் உப்பு ஈரத்தில் ஒட்டிப் பிடித்தால் சுத்தியலுக்கும் அசையாது. கிறீஸ் தடவியே இறக்குங்கள். பெடல் பூட்டும்போது மரைக்கும் அதே கிறீஸ்தான். பெல், லைற் எல்லாம் உங்கள் விருப்பம்.